செம்மண் செத்துவிட்டதா? வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் பிறகு மண்ணின் நுண்ணுயிர்கள்

6 ஏப்ரல் 2025. பாலக்கோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி

இரண்டு ஏக்கர் செம்மண். தக்காளி, அடுத்து முட்டைக்கோஸ், மறுபடி தக்காளி. போன சித்திரையில் தருமபுரி வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் மழை. இப்போது எவ்வளவு உரம் போட்டாலும் செடி எழும்பவில்லை. பூச்சிமருந்துக் கடையில், "40 டிகிரியில் நுண்ணுயிர் எல்லாம் செத்துப்போகும், இது செத்த மண், நுண்ணுயிர்க் கரைசல் ஒரு டிரம் வாங்கி விடுங்கள்" என்கிறார்கள். மண் சாகுமா?

6 ஏப்ரல், இரவு

சாகாது. டிரம் வாங்காதீர்கள், குறைந்தபட்சம் இந்தப் பேச்சு முடியும்வரை.

வேளாண் நுண்ணுயிரியல் படித்துவிட்டு அரூர் பக்கம் மானாவாரி பார்க்கிறேன். 40 டிகிரி என்பது காற்றின் சூடு. வெறும் செம்மண்ணின் மேற்பரப்பு மத்தியானத்தில் அதைவிட 15, 20 டிகிரி கூடுதலாகவே கொதிக்கும். ஆனால் ஒரு சாண் கீழே அந்தச் சூடு போய்ச் சேராது. மேல் இரண்டு விரல் மண்ணில் இருப்பவையும் லேசில் போகிறவை அல்ல. பேசில்லஸ் என்ற பாக்டீரியா வகைகள் வித்தாக உறைந்துவிட்டால் கொதிநீரையே தாங்கும்.

காய்ந்த மண்ணில் சூடு அவ்வளவாகக் கொல்லாது. ஈரமும் சூடும் சேர்ந்தால்தான் கொல்லும். இஸ்ரேலில் ஜேக்கப் கட்டான் குழு 1976இல் வெளியிட்ட வெயில் மூடாக்கு முறையே இதை வைத்துத்தான். முதலில் தண்ணீர் பாய்ச்சி, ஈர மண்ணின்மேல் ஒளி புகும் பாலித்தீன் தாளை இழுத்து மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விடவேண்டும். வேண்டுமென்றே இவ்வளவு செய்தும் நோய்க் கிருமிகளில் பெரும்பகுதிதான் போகும், மண் வெறுமையாகாது. சித்திரை வெயில் தானாக அதைச் செய்துவிடும் என்பது நடக்கிற காரியமில்லை.

7 ஏப்ரல்

"அப்போ வறட்சியால் ஒன்றுமே ஆகாதா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆகும், நிறைய ஆகும்.

மண்துகளைச் சுற்றி மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கிறது. பாக்டீரியா நகர்வதும், இரை அதனிடம் வந்து சேர்வதும் அந்தப் படலம் வழியாகத்தான். மண் காயக் காய அது அறுந்து அறுந்து போகும். இரை நான்கு துகள் தள்ளித்தான் இருக்கும், ஆனால் எட்டாது. அப்போது சில வகைகள் உடம்புக்குள் புரோலின், டிரெஹலோஸ் மாதிரிச் சரக்கைச் சேர்த்துத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சில வித்தாகும். மிச்சமிருப்பவை வேலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உறங்கும். நல்ல காலத்திலேயே மண்ணில் இருப்பவற்றில் பெரும்பகுதி உறக்கத்தில்தான் இருக்கிறது.

பூஞ்சைக்கு இந்தக் கஷ்டம் குறைவு. அதன் இழை, காற்று நிறைந்த இடைவெளியைத் தாண்டி அடுத்த ஈரத்தைத் தொட்டுவிடும். அதனால் வறட்சி நீண்டால் பூஞ்சையின் கை ஓங்கும். பாக்டீரியாவில் கெட்டிச் சுவர் கொண்டவையும் ஸ்ட்ரெப்டோமைசஸ் கூட்டமும் தாக்குப்பிடிக்கும், மெல்லிய சுவர்க்காரர்கள் சுருங்குவார்கள். மண்ணில் குடியிருப்பவர்கள் மாறுகிறார்கள். செத்த மண் என்று கடைக்காரர் சொல்வது இந்த மாற்றத்தைத்தான்.

8 ஏப்ரல்

எத்தனை வகை என்று கேட்டவருக்கு: ஒரு கிராம் மண்ணில் ஆயிரக்கணக்கான வகைகள் இருக்கும். ஆறு கண்டங்களில் 237 இடங்களின் மண்ணை ஆராய்ந்து 2018இல் வந்த ஆய்வில், கண்ட பாக்டீரியா வகைகளில் வெறும் 2 சதவீதமே எண்ணிக்கையில் கிட்டத்தட்டப் பாதியைப் பிடித்திருந்தன. மீதி எல்லாம் அரிதானவை. அந்த அரிதான கூட்டத்தில் இருந்துதான் மாறிய சூழலுக்குத் தோதானவை மேலே வரும்.

17 ஏப்ரல்

நேற்று இங்கே கோடை மழை. ஓர் உழவு மழைதான், ஆனாலும் சொல்லவேண்டிய நேரம் இது.

காய்வதைவிட, காய்ந்தபிறகு நனைவதுதான் மண்ணுயிர்களுக்குப் பெரிய அடி. வெளியே உப்பும் சர்க்கரையும் கெட்டியாக இருந்த நிலைக்கு ஏற்றபடி உடம்பை வைத்திருந்த உயிரணுவுக்குள் திடீரென்று தண்ணீர் பாய்கிறது. உள்ளே சேர்த்த சரக்கை உடனே வெளியே கொட்டாதது வெடிக்கும். கொட்டினதும் வெடித்ததும் பிழைத்தவற்றுக்கு விருந்து. சில மணி நேரத்தில் மண்ணின் மூச்சு பலமடங்கு ஏறும், கரியமில வாயு குபுகுபுவென்று வரும், கூடவே தழைச்சத்தும் (நைட்ரஜன்) விடுபடும். கென்யாவில் வேலைபார்த்த பர்ச் என்பவர் 1958இல் இதை விரிவாக எழுதியதால் பர்ச் விளைவு என்று பெயர். முதல் மழைக்குப் பிறகு காட்டுக் களை மூன்று நாளில் கரும்பச்சையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் தழைச்சத்தைப் பிடிக்க அங்கே ஒரு வேர் இருந்தால் லாபம். இல்லையென்றால் அடுத்த கனமழையில் கீழே இறங்கிவிடும். மழை விழுந்த கையோடு கொஞ்சம் தட்டைப்பயறோ கொள்ளோ சணப்போ தூவி வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் நச்சரிப்பது இதற்காகத்தான்.

18 ஏப்ரல்

காரிமங்கலத்து ஐயா ஒருவர் உழவு அதிகாரத்துக் குறளைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்: ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உணக்கினால் ஒரு பிடி எருகூட வேண்டாம் என்கிற குறள். "நேற்று நீங்கள் சொன்ன பர்ச் இதைத்தானே சொல்கிறார்?" என்கிறார்.

ஐயா, அருமை. காய்ந்து நனையும்போது சத்து விடுபடுவது உண்மை, அந்த ஈரடியை எழுதியவர் கொல்லையைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் விடுபடுவது எங்கிருந்து வருகிறது? மண்ணில் ஏற்கனவே இருந்த கரிமத்தில் இருந்து, செத்த உயிரணுக்களில் இருந்து. சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறோம். மக்கு, அதாவது மக்கிய இலைதழை, நிறைந்திருந்த மண்ணில் அது கொஞ்ச காலம் ஓடும். நம் செம்மண்ணில் கரிமம் பல இடங்களில் அரை சதவீதத்துக்கும் கீழே. மண் பரிசோதனை அட்டையில் "குறைவு" என்று அச்சாகி வருவது அந்த அளவுதான். உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று அடுத்த குறளே சொல்கிறது, இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

18 ஏப்ரல், கொஞ்சம் கழித்து

கோடை உழவு வேண்டாம் என்கிறீர்களா என்று உடனே வந்துவிட்டார்கள். அப்படிச் சொல்லவில்லை. சித்திரைப் புழுதி தங்கம் என்று சொன்னவர்கள் மழைநீர் இறங்கவும், கூட்டுப்புழுக்கள் வெயிலில் காயவும் உழுதார்கள். இரண்டும் உண்மையான பலன். ஆனால் ஒவ்வொரு உழவும் பூஞ்சை இழைகளை அறுக்கிறது. ஒரு உழவு, சரிவுக்குக் குறுக்கே, போதும். ரோட்டாவேட்டரை விட்டு மாவாக அடிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

22 ஏப்ரல்

பேச்சு மழை வாசனைக்குப் போய்விட்டது, போகட்டும், எனக்குப் பிடித்த விஷயம். அந்த வாசனையில் முக்கியப் பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. ஸ்ட்ரெப்டோமைசஸ் முதலான பாக்டீரியாக்கள் செய்வது, 1965இல் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். மனித மூக்கு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே பிடித்துவிடும். எதற்காக இந்த வாசனையைச் செய்கின்றன என்பதற்கு 2020இல் ஒரு நல்ல பதில் கிடைத்தது. மண்ணில் துள்ளித் திரியும் ஸ்பிரிங்டெயில் என்ற சின்னஞ்சிறு பூச்சிகள் அந்த மணத்தைத் தேடி வருகின்றன, தின்னுகின்றன, போகிற இடமெல்லாம் வித்துக்களைச் சுமந்து பரப்புகின்றன.

"எங்கள் கொல்லையில் முன்பு மாதிரி வாசனை வரவில்லை, மண் கெட்டுவிட்டதா?" என்று தேன்கனிக்கோட்டை அக்கா கேட்கிறார். வாசனையை வைத்து முடிவு கட்டாதீர்கள் அக்கா. காற்று, மழையின் வேகம், எத்தனை நாள் காய்ந்தது எல்லாம் அதை மாற்றும். கீழே ஒரு துணிச் சோதனை சொல்கிறேன், அதைச் செய்யுங்கள்.

23 ஏப்ரல்

துணிச் சோதனை. பழைய வேட்டி, சுத்தப் பருத்தி. பாலியஸ்டர் கலந்தது உதவாது. உள்ளங்கை அளவில் ஒரே மாதிரித் துண்டுகளாகக் கிழித்து, அடையாளத்துக்கு நைலான் கயிறு கட்டி, ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, இரண்டு மாதம் கழித்து எடுத்துக் கழுவிப் பாருங்கள். பருத்தி முழுக்கச் செல்லுலோஸ். அதைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சுறுசுறுப்பாக இருந்தால் துணி சல்லடையாகும். ஒரே கொல்லையில் மூன்று இடம் எடுங்கள்: வரப்பு மரத்தடி, குப்பை எரு அடித்த இடம், வெறும் இடம். ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு. மூன்று இடத்திலும் ஈரம் ஒரே மாதிரி இருக்கட்டும், இல்லாவிட்டால் ஈரத்தைத்தான் அளப்பீர்கள்.

2 மே

வெள்ளத்தைப் பற்றி எழுதாமலே இருந்தேன். எங்கள் அக்கா கொல்லை ஊத்தங்கரைப் பக்கம். 2024 டிசம்பர் 1ஆம் தேதி அங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது, அரூரில் 33. வடிய வழியில்லாத கீழ்த்துண்டில் தண்ணீர் பல நாள் நின்றது. பிறகு மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தேன். மேலே சிவப்பு வண்டல் படிந்திருந்தது. அதற்குக் கீழே செம்மண் தன் நிறத்தை விட்டுச் சாம்பலும் நீலமுமாக, பழைய வேர்களை ஒட்டி மட்டும் துருக்கோடாக இருந்தது. மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் அழுகிய முட்டை வாடை.

நிறமும் வாடையும் நுண்ணுயிர்கள் எழுதி வைத்த வரிசை. தண்ணீர் நின்றால் மண்ணில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் ஓரிரு நாளில் தீரும். அதற்குப் பிறகு ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டை வைத்து மூச்சுவிடுபவை எழும். நாம் போட்ட யூரியா இப்படித்தான் வாயுவாகிக் காற்றோடு போகிறது. நைட்ரேட் தீர்ந்தால் மாங்கனீஸ், அடுத்து இரும்பு. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான், அது கரைந்தால் மண் வெளுக்கும். அதற்கடுத்து சல்பேட், அந்த முட்டை வாடை அங்கிருந்து. கடைசியில் மீத்தேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு கூட்டம். எல்லாம் ஏற்கனவே அந்த மண்ணிலேயே காத்திருந்தவை, வெளியில் இருந்து ஒன்றும் வரவேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் வடிந்து காற்று புகுந்ததும் சிவப்பு திரும்பியது, வாடை போனது. மூச்சுவிடுவது, இலைதழையை மக்க வைப்பது போன்ற பொது வேலைகளை நூற்றுக்கணக்கான வகைகள் செய்யும், ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும். அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவதும், வேருக்குள் குடிபுகுந்து மணிச்சத்து (பாஸ்பரஸ்) கொண்டுவருவதும் சில குடும்பங்கள் மட்டுமே அறிந்த தொழில். அவை திரும்பத் தாமதமாகும். மண் பார்க்க நன்றாகிவிட்டது, பயிர் மட்டும் நன்றாக இல்லை என்கிற மாதங்கள் இந்த இடைவெளியில்தான் வருகின்றன.

3 மே

நேற்றைய கடைசி வரிக்கு ஆதாரம் கேட்டதால்: 1993இல் அமெரிக்காவில் மிசிசிப்பி வெள்ளத்தில் மூழ்கித் தரிசாகக் கிடந்த நிலங்களில் அடுத்து போட்ட மக்காச்சோளம் குட்டையாகி, இலை ஊதா பாய்ந்து நின்றது. மண்ணில் மணிச்சத்து இருந்தும் செடிக்கு ஏறவில்லை. வேருக்குள் குடிபுகுந்து மணிச்சத்து கொண்டுவரும் வேர்ப்பூஞ்சை குறைந்திருந்ததை முக்கியக் காரணமாகக் கண்டார்கள். வேர்ப்பூஞ்சைக்கு உயிருள்ள வேர் வேண்டும். வேரே இல்லாத மாதங்கள் அதற்குப் பட்டினி.

3 மே, இரவு

இதை எழுதியபிறகு முதல் கேள்வியைத் திரும்பப் படித்தேன். முட்டைக்கோஸ்! அன்றே அதைப் பேசியிருக்கவேண்டும். கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு குடும்பம் முழுக்க வேர்ப்பூஞ்சையோடு உறவு வைக்காது. பீட்ரூட், பாலக்கீரையும் அப்படியே. ராயக்கோட்டை, ஓசூர் பக்கம் கோஸ்மேல் கோஸ் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அதோடு மணிச்சத்து உரமான டிஏபியை அள்ளிக் கொட்டினால், மற்ற செடிகளும் பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துவிடும், கேட்காமலே மணிச்சத்து கிடைக்கிறதே.

பாலக்கோட்டுத் தம்பி, வெயில், கோஸ், வெள்ளம், டிஏபி எல்லாம் உங்கள் மண்ணை ஒரே பக்கம் தள்ளியிருக்கின்றன. இன்னொன்றும் செய்யுங்கள். எழும்பாத செடி ஒன்றைப் பிடுங்காமல், மண்வெட்டியால் வேரோடு தோண்டி எடுத்துத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். தண்டின் அடியைக் கத்தியால் வெட்டிக் கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் பால் போல நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல் நோய்.

9 மே

தம்பி பதில் எழுதிவிட்டார். டம்ளரில் ஒன்றும் இறங்கவில்லை. ஆனால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, நெல்லிக்காய் அளவுக்குக்கூட.

வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள் புகுந்து வாழும் நுண்புழு. தக்காளியைத் திரும்பத் திரும்பப் போட்ட இடத்தில் சொட்டுநீரும் மூடாக்கு ஷீட்டும் வருஷம் முழுக்க ஈரம் காத்தால் அதற்குக் கொண்டாட்டம். இதைத்தான் செத்த மண் என்று சொல்லி டிரம் விற்கப் பார்த்தார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம். ஒன்று மட்டும் பெருத்து, அதைக் கட்டுப்படுத்துகிற பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இளைத்துப்போன மண் இது. வேப்பம்புண்ணாக்கு, நன்றாக மக்கிய தொழுவுரம், அடுத்த பயிராகச் செண்டுமல்லி. செண்டுமல்லி வேர் இந்த நூற்புழுவை ஒடுக்கும், பூவுக்கு ராயக்கோட்டையில் சந்தையும் உண்டு. தக்காளிக்கும் அந்தக் குடும்பத்துக் கத்தரி, மிளகாய்க்கும் கொஞ்ச காலம் விடுமுறை கொடுங்கள்.

10 மே

ஜீவாமிர்தமும் டிரம்தானே என்று சண்டைக்கு வந்தவர்களுக்கு. வெளியில் வளர்த்த நுண்ணுயிரை வெறும் மண்ணில் ஊற்றினால் பெரும்பாலும் எண்ணிக்கை வேகமாகக் குறைந்துவிடும். அங்கே ஏற்கனவே இருப்பவை இடமும் விடாது, இரையும் விடாது, புதிதாக வந்ததைத் தின்னும் ஒற்றையணு உயிர்களும் காத்திருக்கும். ஜீவாமிர்தத்தில் சாணமும் வெல்லமும் பயறு மாவும் இருக்கின்றன, அவை உள்ளூர்க் கூட்டத்துக்கு இரை. வேலை செய்வதில் பெரும்பங்கு அதுதான் என்பது என் கணிப்பு. கூடவே மூடாக்கும் தொழுவுரமும் இல்லாமல் வெல்லத் தண்ணீரை மட்டும் ஊற்றினால், சர்க்கரை வேகத்தில் பழைய மக்கையும் சேர்த்து எரித்துவிடும் அபாயம் உண்டு.

பாக்கெட் நுண்ணுயிர் எல்லாம் வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். பயறோ கடலையோ போடாத நிலத்தில் முதல்முறை போடும்போது ரைசோபியம், அதாவது வேர்முடிச்சில் இருந்து தழைச்சத்து பிடிக்கும் பாக்டீரியா, நன்றாகக் கைகொடுக்கும். கட்டாயம் விதையோடு போகவேண்டும், வேர் முளைக்கிற இடத்திலேயே அது இருக்கவேண்டும்.

24 மே

ஓசூர் தம்பி ஒருவர் புவி வெப்பமாதலுக்கு மண் எப்படிப் பதில் சொல்லும் என்று கேட்டார். மிக நீளமான சோதனைகளில் ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1991இல் தொடங்கியது. மண்ணுக்குள் கம்பி புதைத்துச் சுற்றுப்புறத்தைவிட 5 டிகிரி கூடுதலாகவே வைத்திருக்கிறார்கள். 26 வருடக் கணக்கை 2017இல் வெளியிட்டார்கள். முதல் பத்தாண்டு கரிமம் மளமளவென்று போனது. பிறகு சில ஆண்டுகள் அடங்கியது, எல்லோரும் பழகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அந்த அடங்கிய காலத்தில் நுண்ணுயிர்க் கூட்டம் மாறிக்கொண்டிருந்தது. லேசில் மக்காத கரிமத்தைத் தின்னத் தெரிந்தவை பெருகின, இழப்பு மறுபடி ஏறியது. பிறகு மறுபடி அடங்கியது.

அது குளிர்நாட்டுக் காடு, கரிமம் குவிந்த மண். அந்த எண்களை நம் கொல்லைக்கு எடுத்துவரக்கூடாது. இழப்பு ஒரே சீராக நடக்காது, கூட்டம் மாறும்போது வேகம் மாறும் என்ற பாடம் மட்டும் எங்கும் செல்லும். நமக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909 முதல் நடக்கும் நிரந்தர எருச் சோதனை இருக்கிறது. எருவே காணாத பாத்தி, ரசாயன உரம் மட்டும் கண்ட பாத்தி, தொழுவுரம் கண்ட பாத்தி எல்லாம் நூறு வருடத்துக்கும் மேல் ஒரே முறையில். நுண்ணுயிர்ப் பெருக்கம் தொழுவுரம் கண்ட பாத்திகளில்தான் மேலே நிற்கிறது. வெளிநாட்டு ஆய்வைத் தேடும் தம்பிகள் இதையும் தேடிப் படியுங்கள்.

29 ஜூன்

துணி எடுத்தாயிற்று. என் கொல்லையில் புளியமரத்தடித் துண்டு கையில் எடுக்கும்போதே நூல்நூலாகப் பிரிந்தது, நடுவில் வெள்ளை இழை ஓடியிருந்தது. குப்பை அடித்த இடத்தில் சல்லடை, ஓரத்தில் ஆரஞ்சும் கருப்புமாகப் பூஞ்சைக் கறை. வெறும் இடத்துத் துண்டு மங்கியிருந்ததே தவிர இழுத்தால் கிழியவில்லை. தேன்கனிக்கோட்டை அக்காவுக்கு ராகி, அவரை, துவரை கலந்து போடும் கொல்லையில் துணி பாதிக்குமேல் காணோம். வாசனையை நினைத்துக் கவலைப்பட்டவர், இப்போது நிம்மதியாக இருக்கிறார்.

மரத்தடி மண்கட்டி ஒன்றையும் வெறும் இடத்துக் கட்டி ஒன்றையும் காயவைத்துத் தண்ணீர் நிறைந்த டம்ளர்களில் போட்டேன். வெறும் கட்டி உடனே கரைந்து சேறானது. மரத்தடிக் கட்டி சாயங்காலம்வரை உருக்குலையாமல் இருந்தது. பூஞ்சை இழையும் நுண்ணுயிர்ப் பசையும் கட்டிப் பிடிக்கிறது. ஊத்தங்கரை மாதிரி மழை இன்னொன்று வந்தால் எந்த மண் வரப்பைத் தாண்டி ஓடும் என்பதை அந்த டம்ளர்களிலேயே பார்க்கலாம்.

6 ஜூலை

ஆனிப் பட்டக் கடலைக்கு விதைநேர்த்தி கேட்டவர்களுக்கு, சுருக்கமாக. பூஞ்சாணக்கொல்லி கலப்பதாக இருந்தால் முதலில் அது. ஒரு நாள் விட்டு, ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி அன்றே விதைக்கவேண்டும். பாக்கெட்டை வாங்கி வண்டியின் டேங்க் கவரில் வெயிலில் வைத்து ஊர் சுற்றாதீர்கள். வாங்கும்போது தேதி பாருங்கள், கடலைக்கான வகைதானா என்று கேளுங்கள், பயறுக்கும் சோயாவுக்கும் வேறு வேறு.

பூ எடுக்கும் சமயத்தில் இரண்டு மூன்று செடியைத் தோண்டி, வேரில் இருக்கும் முடிச்சை நகத்தால் கீறுங்கள். இவை நல்ல முடிச்சுகள், நூற்புழு முடிச்சு இல்லை. வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தள்ளினால் உதிரும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கினது, உதிராது. உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் தழைச்சத்து பிடிக்கிறது, மேலுரமாக யூரியா வேண்டாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் எந்தக் கொல்லை, முன்பயிர் என்ன, வெள்ளம் நின்ற இடமா என்பதோடு இங்கே எழுதுங்கள்.

7 ஜூலை

ஊத்தங்கரை அக்கா கொல்லையின் கீழ்த்துண்டில் இந்த வருஷம் சோளம். முளைப்பு நன்றாக இருக்கிறது, இலை ஓரத்தில் லேசாக ஊதா தெரிகிறது. டிஏபி கூடுதலாக வைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஊடே தட்டைப்பயறு போட்டிருக்கிறார்கள். ஆவணியில் வேரைத் தோண்டிப் பார்த்து எழுதுகிறேன்.